அம்மிணி, சிவப்பு லைட்டு எரியுதுங்களா?

பல்லடத்துல இப்பெல்லாம் கேபிள்காரர் மாசக் காசு வாங்க வந்தா, கையோட ஒரு நோட்டீஸும் கொடுத்துட்டுப் போறாரு. மஞ்சத் தாளு, சிவப்பு எழுத்து. "இனி கேபிள் வேண்டாம்! டிஷ் வேண்டாம்! எல்லாச் சேனலும் இன்டர்நெட்லயே!"

கேபிள் வேண்டாம்னு வீடு வீடாச் சொல்லிட்டுப் போறது கேபிள்காரரேதான்.

"ஏனுங்ணா, கேபிள் வேண்டாம்னா அப்புறம் உங்களுக்கு என்னுங்க வேலை?"ன்னு வாசல்ல நின்ன அம்மிணி கேட்டா, மனுசன் கொஞ்சமும் அசரமாட்டாரு. "ஒயரு நம்ம ஒயருதானுங் அம்மிணி. உள்ள வர்றதுதான் வேற."

அந்தப் பதிலு தெளிவா இருக்கு. நோட்டீஸுதான் குழப்பம். "இன்டர்நெட் டிவி"ங்கற ஒரே பேருல மூணு வேற வேற சரக்கு ஊருக்குள்ள வித்துட்டிருக்கு. வாங்கறவங்களுக்கும் இது தெரியறதில்ல, விக்கறவங்கள்ல நெறையப் பேருக்கும் தெரியறதில்ல. மூணுக்கும் காசு வேற, ரிப்பேர் வேற, கிரிக்கெட்டுல சிக்ஸர் வந்து சேர்ற நேரங்கூட வேற. (சிக்ஸர் கதை பின்னாடி வருது. பொறுங்க.)

முதல்ல கொஞ்சம் பழங்கதை. கேபிள்காரரை அறியாம கேபிளை அறிய முடியாது.

சேட்டிலைட் சேனலுக்கு முன்னாடியே தெருவுக்கு ஒருத்தரு வீடியோ டெக் வெச்சிருந்தாரு. சாயங்காலமானா படத்தைப் போட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒயரு இழுத்து விட்டு, மாசம் இவ்வளவுன்னு வாங்கிக்குவாரு. 1991ல வளைகுடாப் போரை டிவியில நேரடியாவே காட்டினாங்க. டிஷ் ஆன்டெனாவுக்கு மவுசு வந்துருச்சு. அதே வருஷம் ஸ்டார் டிவி. 1993 ஏப்ரல் 14, சன் டிவி. டெக்குக்காரர் டிஷ்ஷு வாங்கி மொட்டை மாடியில நட்டாரு, கேபிள்காரர் ஆயிட்டாரு.

1995ல கேபிளுக்குன்னு மத்திய அரசு சட்டம் போட்டுச்சு. சரி, இவங்க பதிவு பண்ணிக்க எங்க போகணும்னு நினைக்கறீங்க? டெல்லிக்கா, கலெக்டர் ஆபீஸுக்கா? தலைமைத் தபால் ஆபீஸுக்கு! வருஷத்துக்கு 500 ரூபா கட்டிப் புதுப்பிச்சுக்கணும். அந்தக் காலத்துல தாத்தாக்கள் ரேடியோப் பெட்டிக்கு லைசென்ஸ் காசு கட்டினதும் தபால் ஆபீஸ்லதான். 2025 ஜனவரியிலதான் இதை மாத்தி, ஒலிபரப்பு அமைச்சகத்தோட இணையதளத்துலயே பதிவு, அஞ்சு வருஷத்துக்குச் செல்லும்னு கொண்டு வந்தாங்க. சேட்டிலைட்டு, பைபர்னு எல்லாம் வந்த பின்னாடியும் முப்பது வருஷமா இந்தத் தொழிலோட கடிவாளம் தபால் ஆபீஸ் கவுண்டர்ல இருந்திருக்கு.

தமிழ்நாட்டுக்கு இதுல தனிக் கதை. மத்த ஊர்ல கேபிளுங்கறது வியாபாரம், இங்க அது அரசியலும்தான். சன் குழுமத்தோட சுமங்கலி கேபிள் விஷன் கொடிகட்டிப் பறந்த காலத்துல, 2007ல அரசு கேபிள் டிவி நிறுவனத்தைத் தொடங்கினாங்க. கட்டுப்பாட்டு அறை வெச்ச ஊர்கள்ல கோயமுத்தூரும் ஒண்ணு. கொஞ்ச நாள்ல அது படுத்துருச்சு. ஆட்சி மாறி, 2011 செப்டம்பர் 2ஆம் தேதி மறுபடி எழுப்பினாங்க. மாசம் 70 ரூபா. அதுக்கு முன்னாடி 150, 200ன்னு கட்டிட்டிருந்த வீடுகளுக்கு அது பெரிய விஷயம். ஒரு கட்டத்துல 70 லட்சத்துக்கு மேல இணைப்புன்னு சட்டமன்றத்துலயே சொன்னாங்க.

அப்புறம் டிஜிட்டல். கோயமுத்தூரு 2013லயே செட்டாப் பாக்ஸுக்கு மாறணும்னு பட்டியல்ல இருந்துச்சு. கடைசித் தவணையில வந்த ஊருக்கெல்லாம் 2017 மார்ச் 31. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் லைசென்ஸே அந்த ஏப்ரல்லதான் வந்துச்சு. செப்டம்பர்ல இருந்து பாக்ஸை இலவசமாக் கொடுத்தாங்க.

2019 பிப்ரவரி 1ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டு வந்த புது விலை முறை. வேணுங்கற சேனலுக்கு மட்டும் காசு கட்டுங்கன்னு சொன்னாங்க, கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு காசு சேனல்கூடப் பாக்காதவங்களும் 100 சேனலுக்கு 130 ரூபா, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 153 ரூபா 40 காசு கட்ட வேண்டியிருந்துச்சு. (அந்த 40 காசை யாரும் சில்லறையாக் கொடுத்ததா வரலாறு இல்ல.) காசு சேனல் சேரச் சேர பில்லு எகிறுச்சு. 70 ரூபாய்க்கு எல்லாம் பார்த்த வீட்டுல இதை எப்படிச் சொல்லிப் புரிய வெக்கறது? கேபிள்காரர்தான் தெருத்தெருவா நின்னு திட்டு வாங்கினாரு. டிராய்க்கு பல்லடத்துல ஆபீஸ் இல்லையே.

2022 நவம்பர்ல இன்னொரு கூத்து. அரசு கேபிள் பாக்ஸுல போட்டிருந்த தனியார் மென்பொருள்ல கோளாறு வந்து, மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான வீட்டுல டிவி இருண்டு போச்சு. அன்னைக்கு வேற கம்பெனி பாக்ஸுக்குப் போனவங்க எல்லாரும் திரும்பி வரல.

இதுக்கு நடுவுல போன்ல யூடியூப்பும், காசில்லாத டிடி ஃபிரீ டிஷ்ஷும் தன் பங்குக்கு ஆளை இழுத்துருச்சு. இந்தியா முழுக்க காசு கட்டி டிவி பாக்கற வீடு 2018ல 15.1 கோடி, 2024ல 11.1 கோடின்னு கேபிள் கம்பெனிகளோட கூட்டமைப்பே ஒரு அறிக்கை போட்டுச்சு. ஆறு வருஷத்துல 4 கோடி வீடு. நாலு கோடி வீட்டுலயும் டிவி பாக்கறதை விட்டுட்டாங்கன்னு இல்ல. பொட்டியும் ஓடுது, நாடகமும் ஓடுது. காசு போற வழி மாறிப் போச்சு.

இப்ப நோட்டீஸுக்கு வருவோம்.

இன்டர்நெட் வழியா டிவிங்கறது உலகத்துக்குப் புதுசு இல்லைங்க. ஹாங்காங்ல பிசிசிடபிள்யூ கம்பெனி 2003லயே டெலிபோன் ஒயர்ல டிவி கொடுத்து, ஊரையே வளைச்சுப் போட்டுச்சு. இலங்கையில ஸ்ரீலங்கா டெலிகாமோட பியோ டிவி வீட்டு டெலிபோன் ஒயர்லயே வந்துச்சு. யாழ்ப்பாணத்துல உக்காந்து தமிழ்ச் சேனலைப் பார்த்தவங்களுக்கு அது பழகின சமாச்சாரம். இந்தியாவுலயும் இதுக்கு, அதாவது ஐபிடிவிக்கு, விதிமுறையை 2008லயே போட்டுட்டாங்க. விதி இருந்துச்சு, வீட்டுக்குப் பைபர் இல்ல. அப்பத்த பிராட்பேண்டுல ஒரு போட்டோ இறங்கறதுக்குள்ள டீ ஆறிப் போகும், இதுல டிவி எங்க பாக்கறது?

பைபர் வீட்டு வாசலுக்கு வந்த பின்னாடி நெலமை மாறுச்சு. பிஎஸ்என்எல் 2024 அக்டோபர்ல புது லோகோவை அறிமுகப்படுத்தினப்ப, கூடவே ஐஎஃப்டிவின்னு ஒண்ணையும் அறிவிச்சாங்க. முதல்ல ஆரம்பிச்சது ரெண்டே மாநிலத்துல: மத்தியப் பிரதேசம், தமிழ்நாடு. 500 சேனலுக்கு மேல, செட்டாப் பாக்ஸ் வேண்டாம், ஆண்ட்ராய்டு டிவியில ஆப்பை ஏத்திக்கிட்டாப் போதும்னு சொன்னாங்க. இதுல முக்கியமான சங்கதி, டிவி பாக்கறதுக்கு ஆகற டேட்டாவை உங்க பிளான்ல கழிக்க மாட்டாங்க. அதே வருஷம் ஜியோவும் 800 சேனலுக்கு மேல ஒரே ஆப்புல கொண்டு வந்துச்சு. 2025 மார்ச்ல ஏர்டெல் 2000 ஊர்ல ஐபிடிவி தொடங்குச்சு, பிளான் 699 ரூபாயில இருந்து.

பல்லடத்துக் கேபிள்காரருக்கும் பிஎஸ்என்எல்லுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். இருக்கு. பிஎஸ்என்எல் பைபரை வீட்டுக்கு இழுத்துக் கொடுக்கறது பல ஊர்ல உள்ளூர்க் கேபிள்காரர்கள்தான். கம்பெனியோட வருமானத்துல பங்கு போட்டுக்கறாங்க. நோட்டீஸ்ல இருக்கற பேரு எதுவா இருந்தாலும் ஏணியைத் தூக்கிட்டு வர்றது அதே அண்ணன்தான்.

அந்த மூணு சரக்கு என்னென்னன்னு இப்பப் பாத்துரலாம். இதுக்குப் பிஏபி பாசன வாய்க்கால்ல தண்ணி விடறதை நினைச்சுக்கிட்டாலே போதும்.

பழைய கேபிள் என்ன பண்ணும்? 400 சேனலும் எப்பவும் உங்க வீட்டு வாசல் வழியா ஓடிட்டே இருக்கும். நீங்க பாக்கறது ஒண்ணு, மிச்சம் 399 சும்மா ஓடும். பைபர்ல வர்ற முதல் வகை அப்படியேதான். ஒரே கண்ணாடி நூலுல ரெண்டு மூணு நிறத்துல வெளிச்சம் போகும். ஒரு நிறத்துல இன்டர்நெட் கீழ வரும், இன்னொண்ணுல மேல போகும், 1550 நானோமீட்டர்னு மூணாவது ஒண்ணுல பழைய கேபிள் சிக்னல் அப்படியே சவாரி பண்ணும். மோடத்துக்குப் பின்னாடி திருகி மாட்டற உருண்டைப் பின்னு ஒண்ணு இருந்தா, உங்க வீட்டுல இருக்கறது இதுதான். இதுல டிவிக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒயரு மட்டும்தான் சொந்தம். நெட்டு பிளான் முடிஞ்சு போனாலும் டிவி ஓடும். இதையும் "இன்டர்நெட் டிவி"ன்னுதான் விக்கறாங்க!

ரெண்டாவதுதான் நெஜமான ஐபிடிவி. இதுல நீங்க ரிமோட்டை அழுத்தினாத்தான் மதகு திறக்கும், கேட்ட சேனல் மட்டும் வரும். உங்க தெருவுல இன்னும் பத்து வீட்டுல அதே நாடகத்தைப் பாக்கறாங்கன்னா, கண்ட்ரோல் ரூம்ல இருந்து பத்துத் தடவை அனுப்ப வேண்டியதில்ல. கிளை வாய்க்கால் வரைக்கும் ஒரே தண்ணி, அங்க இருந்து பிரிச்சு விட்டாப் போதும். அதனால சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கு ஊரே டிவி போட்டாலும் லைன் திணறாது.

மூணாவது, ஆப். ஒவ்வொரு வீட்டுக்கும் எங்கியோ இருக்கற சர்வர்ல இருந்து தனித்தனியாத் தண்ணி லாரி. பக்கத்து வீட்டுக்கும் அதே சேனல்தான்னாலும் அவங்களுக்கு வேற லாரி. வெளி இன்டர்நெட்டைச் சுத்தி வரும், உங்க டேட்டாவுலயும் கழியும். எச்டின்னா நாலஞ்சு எம்பிபிஎஸ் வேகம் வேணும். வீட்டுல மூணு டிவி, நாலு போன் ஓடினா வட்டம் சுத்தும், அமுச்சிக்குக் கோவம் வரும். பிஎஸ்என்எல் ஐஎஃப்டிவி இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்குது: பாக்கறது ஆப்புல, ஆனா தண்ணி அவங்க சொந்த வாய்க்கால்லயே வருது.

(வாய்க்கால் கதை இத்தோட முடிஞ்சுதுங்க.)

சிக்ஸர் கதை இங்கதான் வருது. பழைய கேபிள்ல மைதானத்துல அடிச்சது கொஞ்ச நொடியில வீட்டுக்கு வந்துரும். ஐபிடிவியில இன்னும் ஒண்ணு ரெண்டு நொடி கூட. ஆப்புல படத்தைத் துண்டு துண்டா வெட்டி, சிலதைக் கையிருப்பு வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டும். அதனால அரை நிமிஷம் வரைக்கும்கூடப் பின்தங்கும். தறிக்காரங்க லைன் வீட்டுல நைட்டு மேட்ச் ஓடுதுன்னு வெச்சுக்குங்க. இந்த வீட்டுல பவுலர் இன்னும் பந்தைத் துடைச்சுட்டிருப்பான், சுவத்துக்கு அந்தப் பக்கம் "ஓஓ"ன்னு கத்துவாங்க. சிக்ஸரா, அவுட்டான்னு சத்தத்தை வெச்சே தெரிஞ்சிரும். புது ஸ்மார்ட் டிவியை 40,000 கொடுத்து வாங்கின மாப்ளைக்கு, 14 அங்குலப் பழைய டிவி வெச்சிருக்கற பக்கத்து வீட்டுக்காரரு கமென்டரி சொல்ற காலம் இது.

அந்த 14 அங்குல டிவியைச் சாதாரணமா நினைச்சுராதீங்க. 2006ல தொடங்கி அரசு வீடு வீடாக் கொடுத்த இலவச கலர் டிவி. இன்னும் தறிக் குடோன் மூலையிலயும் கோழிப்பண்ணை வாட்ச்மேன் ரூம்லயும் உசுரோட இருக்கு. அதுல ஆப்பு ஏறாது, எச்டிஎம்ஐ ஒயரு மாட்ட எடமில்ல. மஞ்ச, சிவப்பு, வெள்ளைன்னு மூணு பின்னு, அவ்வளவுதான். "செட்டாப் பாக்ஸ் வேண்டாம்"னு பெருமையா நோட்டீஸ் அடிக்கறவங்க இந்த வீடுகளைக் கணக்குலயே எடுக்கலை. ஆண்ட்ராய்டு டிவி இல்லாதவங்களுக்குப் பாக்ஸோ ஸ்டிக்கோ வாங்கித்தான் ஆகணும். அந்தச் செலவு நோட்டீஸ்ல எந்த மூலையிலயும் கெடையாது.

அதைவிடப் பெரிய சிக்கல் ரிமோட்டு. அப்புச்சிக்குப் பழைய ரிமோட்டுல நம்பரு மனப்பாடம். நியூஸுக்கு ஒரு நம்பரு, பக்திக்கு ஒரு நம்பரு, அமுச்சி நாடகத்துக்கு ஒரு நம்பரு. கண்ணை மூடிட்டு அழுத்துவாரு. ஆப்பு டிவியில? முதல்ல டிவி ரிமோட்டுல பவர். அது முழிச்சு, வைபையைப் பிடிக்கணும். அப்புறம் முகப்புல நாப்பது படம் வரும், அதுல ஆப்பைத் தேடணும். "யார் பாக்கறீங்க?"ன்னு அது ஒரு கேள்வி கேக்கும். (வீட்டுக்குப் பெரியவரைப் பார்த்து யாருன்னு கேக்கற பொட்டியை அவரு எப்படி மதிப்பாரு?) உள்ள போனா மொழி வாரியா, வகை வாரியா வரிசை. இதுக்குள்ள நியூஸே முடிஞ்சிருக்கும். நடுவுல ஒரு நாள் ஆப்பு தானே லாக் அவுட் ஆகி, ஓடிபி கேக்கும். ஓடிபி போறது திருப்பூர்ல வேலை செய்யற பேரனோட போனுக்கு.

நல்ல ஐபிடிவி பாக்ஸு இந்த வேலையெல்லாம் வெக்கறதில்ல. போட்டதும் நேரா கடைசியாப் பார்த்த சேனல் வரும், நம்பரு அழுத்தினா மாறும். பெரியவங்க இருக்கற வீட்டுக்கு ஆப்பு மட்டும் கொடுத்துட்டுப் போறது சரியில்லைங்கறதுதான் இந்தப் பதிவோட கட்சி. யாரு வந்து எவ்வளவு எச்டி, 4கேன்னு சொன்னாலும் சரி.

அடுத்தது, ரிப்பேர்.

பழைய கேபிள்ல படம் புள்ளி புள்ளியா வந்தா, "கனெக்சனை ஆட்டிப் பாருங்க"ன்னு போன்லயே வைத்தியம் சொல்வாங்க. இப்ப கேள்வி மாறிருச்சு. போன் பண்ணினதும் முதல் வரி: "அம்மிணி, மோடத்துல சிவப்பு லைட்டு எரியுதுங்களா?" எரிஞ்சா, கண்ணாடி நூலு எங்கியோ அறுந்திருக்கு, வெளிச்சம் வந்து சேரலைன்னு அர்த்தம். எரியலைன்னா வைபை பிரச்சினை, அணைச்சுப் போடுங்கன்னு சொல்லிட்டு அவரு டீக்குடிக்கப் போயிருவாரு.

அறுந்ததை ஒட்டறதை நின்னு பாத்திருக்கீங்களா? பாக்க வேண்டிய வேலை. மொபெட்டு சீட்டு மேல ஒரு துணியை விரிச்சு, அதுல பிரெட் டப்பா அளவுக்கு மெஷினை வெப்பாங்க. கறுப்பு ஒயரோட தோலை உரிச்சு, உள்ள இருக்கற நீல மேல்பூச்சையும் சுரண்டினா, தலைமுடி தடிமன்ல கண்ணாடி நூலு. 125 மைக்ரான். ஸ்பிரிட்டுல நனைச்ச பஞ்சுல துடைச்சு, கத்தியில ஒரு கீறு கீறி, நேரா வெட்டி, ரெண்டு நுனியையும் மெஷினுக்குள்ள எதிரெதிரா வெச்சு மூடினா, சின்னத் திரையில ரெண்டு நுனியும் பெருசாத் தெரியும். அதுவா நகந்து நேராகும். பளிச்சுன்னு ஒரு மின்பொறி, ரெண்டும் உருகி ஒண்ணாயிரும். மேல ஒரு சின்னக் குழாயைப் போட்டு சூடு காட்டினா முடிஞ்சுது. அப்புறம் மீட்டரை மாட்டி, "மைனஸ் இருவத்திரெண்டு வருதுங், ஒண்ணும் பிரச்சினையில்ல"ம்பாரு. மைனஸ் 27ஐத் தாண்டினா மோடம் கண்ணு தெரியாதவனாட்டம் தடுமாறும், சிவப்பு லைட்டு.

டெக்கோட ஹெட்டை ஸ்பிரிட்டு போட்டுத் துடைச்ச அதே கைதான் இன்னைக்கு மைக்ரான் கணக்குல கண்ணாடியை ஒட்டுது. இதுக்கு இவங்களை எந்தக் காலேஜும் அனுப்பி வெக்கல. பார்த்துப் பழகினதுதான், கொஞ்சம் யூடியூப்பு.

எதனால அறுந்து போகுது? பல்லடத்துல காரணத்துக்குப் பஞ்சமே இல்ல. தோப்புல தென்னை மட்டை விழும். அணில் கடிக்கும். கேத்தனூர்ப் பக்கம் காத்தாடி நிக்கற ஊருக்கு றெக்கை ஏத்திட்டு வர்ற நீள டிரெய்லரும், உசரமா லோடு கட்டின லாரியும் குறுக்க தொங்கற ஒயரையெல்லாம் இழுத்துட்டுப் போயிரும். ரோடு அகலப்படுத்தறேன்னு ஜேசிபி வந்தா கேக்கவே வேண்டாம்.

ஆனா ஒரு நல்லதையும் சொல்லணும். பழைய செம்பு கேபிள்ல தெருவுக்குத் தெரு ஆம்ப்ளிபயர் வேணும், அதுக்குக் கரண்டு வேணும். அந்தத் தெருவுல கரண்டு போனா, இன்வெர்ட்டர் வெச்ச வீட்டுலயும் படம் வராது. இடி இடிச்சா ஒயரு வழியா வந்து டிவியையே புகைச்சுட்டுப் போயிரும். மழைக்கு முன்னாடி கேபிளைக் கழட்டி விடற பழக்கம் இங்க எல்லா வீட்டுலயும் உண்டு. கண்ணாடி நூலுல மின்சாரம் ஓடாது. கண்ட்ரோல் ரூமுக்கும் வீட்டுக்கும் நடுவுல கரண்டு தேவைப்படற பொருளே இல்ல. வீட்டு மோடத்துக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கி வெச்சிட்டா, கரண்டு போனாலும் கொஞ்ச நேரத்துக்கு நெட்டு நிக்காது.

சரி, இதுல கேபிள்காரருக்கு என்ன கெடைக்குது? இதைப் பேசாம மத்ததைப் பேசி லாபமில்ல.

2017ல டிராய் போட்ட விதிப்படி, தனி ஒப்பந்தம் எதுவும் இல்லைன்னா, அந்த 130 ரூபாயில பெரிய கம்பெனிக்கு 55 பங்கு, உள்ளூர்க்காரருக்கு 45. அதாவது ஒரு வீட்டுக்கு 58 ரூபா 50 காசு. காசு சேனல் கமிஷன்ல கொஞ்சம் சில்லறை. இதுல பையன் சம்பளம், பெட்ரோலு, அறுந்த ஒயரு எல்லாம் அடக்கம். 500 ரூபா இன்டர்நெட் பிளான்ல மூணுல ஒரு பங்கு கெடைச்சாலே அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல வந்துருது. அவரு ஏன் "கேபிள் வேண்டாம்"னு தானே நோட்டீஸ் அடிக்கறாருன்னு இப்பப் புரியுதுங்களா? டிவி அவருக்கு இப்ப இன்டர்நெட்டை விக்கறதுக்கான கொசுறு. முன்னாடி இன்டர்நெட்டுதான் கொசுறா இருந்துச்சு.

பக்கத்து மாநிலங்களைப் பார்த்தா ரெண்டு பாதை தெரியுது.

ஆந்திராவுல அரசே இறங்குச்சு. மின்கம்பத்துலயே பைபரைக் கட்டிக்கிட்டுப் போயி, உள்ளூர்க் கேபிள்காரர்கள் மூலமா 149 ரூபாய்க்கு 15 எம்பிபிஎஸ் இன்டர்நெட்டு, 250 சேனல், கூடவே டெலிபோன்னு அறிவிச்சாங்க. 2017 டிசம்பர் 27ஆம் தேதி குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வந்து தொடங்கி வெச்சாரு. பாக்ஸு ஐபிடிவி பாக்ஸு. நம்மூர்ல அரசு கேபிள் அப்பத்தான் பழைய முறைச் செட்டாப் பாக்ஸை வீடு வீடாக் கொடுத்துட்டிருந்துச்சு. அதே வருஷம்! அன்னைக்கே ஐபிடிவி பாக்ஸா வாங்கியிருந்தா இன்னைக்கு எவ்வளவு மிச்சம்னு கேக்கலாம். ஆனா அப்ப பல்லடத்துல வீடு வரைக்கும் பைபர் எங்க இருந்துச்சுங்கறதும் நியாயமான கேள்விதான்.

வாளையாறு தாண்டினா வேற கதை. கேரளாவுல சின்னச் சின்னக் கேபிள்காரர்கள் எல்லாரும் ஒண்ணாச் சேந்து, கேரளா விஷன்னு சொந்தமாவே கம்பெனி வெச்சிருக்காங்க. டிராய் மாசாமாசம் போடற கணக்குல ஒயர் வழி பிராட்பேண்டுல நாட்டுலயே முதல் அஞ்சு இடத்துல அவங்க பேரு வருது. ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல்லு, ஏசிடி, அதுக்கடுத்து கேரளா விஷன். அவங்க யாவாரம் பெரும்பாலும் கேரளா ஒரே மாநிலத்துலதான்! பாலக்காட்டுக்காரரு தன் தெரு ஒயருக்குத் தானே முதலாளியா இருந்துட்டே இதைச் செஞ்சிருக்காரு.

கொங்கு நாட்டுல கூட்டுச் சேர ஆளில்லைன்னு யாரும் சொல்ல முடியாது. பல்லடத்துல கறிக்கோழிக்குத் தெனம் விலை வெக்கறதே பண்ணையாளர்களோட ஒருங்கிணைப்புக் குழுதான், அந்த விலையை மாநிலமே பாக்குது. விசைத்தறிக்காரங்களுக்குச் சங்கம் இருக்கு, கூலி ஒப்பந்தம் பேசறாங்க. கேபிள்ல மட்டும் நீ அந்தக் கம்பெனி, நான் இந்தக் கம்பெனி, மங்கலம் ரோடு உனக்கு, பொங்கலூர் எனக்குன்னு எல்லை பிரிச்சு நின்னுட்டாங்க. ஒரே கம்பத்துல நாலு பேரோட கறுப்பு ஒயரு தனித்தனியாத் தொங்குது. எவன் ஒயரு எதுன்னு அவங்களுக்கே இழுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

நோட்டீஸை வாங்கி வெச்சவங்களுக்கு, போன் பண்றதுக்கு முன்னாடி கேட்டுக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. நெட்டு பிளான் முடிஞ்ச அன்னைக்கு டிவி ஓடுமா? டிவி பாக்கற டேட்டா பிளான்ல கழியுமா? பாக்ஸு உண்டா, அதுக்கு டெபாசிட்டா, விலையா? ரெண்டாவது டிவிக்குத் தனிக் காசா? ஆறு மாசம், வருசம்னு மொத்தமாக் கட்டச் சொன்னா, நடுவுல நிறுத்தினா மிச்சம் திரும்புமா? அஞ்சுக்கும் பட்டுனு பதில் சொல்ற கேபிள்காரர் கெடைச்சா விட்றாதீங்க. "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றனுங்"ன்னாலும் பரவாயில்ல, பொய் சொல்லலை. "அதெல்லாம் வந்துருங்"ன்னாருன்னா மட்டும் பழைய கனெக்சனை இன்னும் ஒரு மாசம் கட் பண்ணாம வெச்சுக்கங்க.

அப்படியே எல்லாம் ஒத்து வந்து, "சரிங்ணா, போட்டுருங்க"ன்னு சொன்னாலும் உடனே வருமாங்கறது வேற விஷயம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி, ஆடியில பல்லடத்துப் பக்கம் ஆளையே தள்ளும். இந்தப் பக்கம் இத்தனை காத்தாடி நிக்கறதே அதனாலதான். அந்தக் காத்துல கம்பத்துல ஏணி சாத்தி ஏற யாருக்கும் தைரியம் வராது. இழுத்துக் கட்டின ஒயரும் ஒரே ராத்திரியில தோப்புக்குள்ள கெடக்கும்.

"எங்க தெருவுக்கு எப்பங்ணா?"

"ஆடிக் காத்து ஓயட்டுங் அம்மிணி. அதுக்குள்ள நீங்க டிவியில எச்டிஎம்ஐ இருக்குதான்னு பாத்து வெய்யுங்க."